போட்ட காசு வந்தாக் காணும்!

2022 ஏப்ரல் 25, திங்கட்கிழமை. ஒரு வாரம் மூடிக் கிடந்த கொழும்பு பங்குச் சந்தை அன்று காலை மீண்டும் திறந்தது. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று இலங்கை கைவிரித்து அப்போது இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. வியாபாரம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே எஸ் அண்ட் பி எஸ்.எல். 20 சுட்டெண் 5 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. விதிப்படி அரை மணி நேரம் வியாபாரத்தை நிறுத்தினார்கள். மறுபடி திறந்ததும் சரிவு 10 சதவீதத்தைத் தாண்ட, அன்றைய வியாபாரமே முடிவுக்கு வந்தது. அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் ஒரே காலையில் 12 சதவீதத்துக்கும் மேல் இழந்து ஏறக்குறைய 7,000-க்கு வந்து நின்றது. மூன்று மாதங்களுக்கு முன்னர், ஜனவரியில், அதே சுட்டெண் 13,000-க்கு மேல் இருந்தது.

வடக்கே சாவகச்சேரியில் இருந்தாலும் கொழும்பில் கொள்ளுப்பிட்டியில் இருந்தாலும் அன்று எல்லோருக்கும் ஒரே நிலைதான். கைத்தொலைபேசியில் செயலி இருந்தது, விற்பதற்கான பொத்தானும் இருந்தது. வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை. அந்தக் காலையில் யாருடைய மனஉறுதியும் யாருக்கும் உதவியிருக்காது. ஒருவர் எவ்வளவு காசை உள்ளே போட்டிருந்தார், அந்தக் காசு எங்கேயிருந்து வந்தது என்ற இரண்டு விசயங்கள்தான் அன்றிரவு அவர் நித்திரை கொண்டாரா இல்லையா என்பதைத் தீர்மானித்தன. அவை இரண்டும் பல மாதங்களுக்கு முன்னரே முடிவாகிவிட்டவை.

பங்கு வியாபாரத்தில் பயத்தையும் ஆசையையும் அடக்குவது எப்படி என்று நிறையப் பேசுகிறார்கள். விலை விழுந்துகொண்டிருக்கும்போது மனதை அடக்க முடியும் என்பதை நான் நம்பவில்லை. பணத்தின் அளவை மட்டும் முன்கூட்டியே அடக்கலாம். அளவு சரியாக இருந்தால் மனம் ஓரளவு தானாகவே அடங்கும். அளவு தப்பினால் எந்தத் தியானமும் கைகொடுக்காது. வடக்கில் இன்று முதன்முதலாகப் பங்கு வாங்கும் இளைஞர்களும் ஓய்வூதியர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்பில்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு அலைகள்

கொழும்பில் பங்கு வியாபாரம் 1896-இல், தேயிலைத் தோட்டக் கம்பனிகளுக்கு முதல் திரட்டுவதற்காகத் தொடங்கியது. இன்றைய பங்குச் சந்தை 1985-இல் உருவானது. அந்த நெடுங்காலம் முழுவதும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பங்கு என்பது கொழும்பில் இருப்பவர்களின் காரியம். போர் முடிந்த பிறகுதான் யாழ்ப்பாண நகரில் சந்தையின் கிளையும் தரகு நிறுவனங்களின் அலுவலகங்களும் வந்தன.

வந்த நேரம்தான் பொல்லாதது. 2008 முடிவில் சுமார் 1,500-இல் இருந்த அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2009-இல் 125 சதவீதமும் 2010-இல் 96 சதவீதமும் ஏறியது. அந்த நாட்களில் உலகத்திலேயே வேகமாக ஏறிய சந்தைகளில் கொழும்பும் ஒன்று. அப்போது புதிதாக உள்ளே வந்தவர் கண்டதெல்லாம் ஏற்றம்தான். எதை வாங்கினாலும் ஏறியது. ஏறியதெல்லாம் தன் கெட்டித்தனத்தால் என்று ஒருவர் நினைத்தால் அதைப் பொய்யாக்க அந்த இரண்டு ஆண்டுகளில் எதுவும் நடக்கவில்லை. 2011 பெப்ரவரியில் சுட்டெண் 7,800-ஐத் தொட்டது. 2012 யூனில் அது 5,000-க்கும் கீழே.

அந்தச் சரிவின் நடுவில் கடன் இருந்தது. தரகர்கள் தந்த கடனில் தாராளமாக வாங்கப்பட்ட பங்குகள், கடனுக்குக் கட்டுப்பாடு வந்ததும் வலுக்கட்டாயமாக விற்கப்பட்டன. அந்த விற்பனை விலையை இன்னும் இறக்கியது, இறங்கிய விலை இன்னொருவரின் பங்குகளையும் விற்க வைத்தது. விலைகள் செயற்கையாக ஏற்றப்படுகின்றன என்ற குற்றச்சாட்டுகளை விசாரிக்க முனைந்த பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் தலைவர்கள் இருவர் அடுத்தடுத்துப் பதவி விலகினார்கள். 2011 முடிவில் இந்திராணி சுகததாச, 2012 ஓகஸ்டில் திலக் கருணாரத்ன. கண்காணிக்க வேண்டியவர்களே நின்றுபிடிக்க முடியாத சந்தையில் சாவகச்சேரியில் இருக்கும் ஒரு சின்ன முதலீட்டாளர் யாரை நம்பி நிற்பார்?

இரண்டாவது அலை பெருந்தொற்றோடு வந்தது. 2020 மார்ச் 20-இல் மூடிய சந்தை மே 11-இல்தான் திறந்தது. திறந்த சில நிமிடங்களிலேயே விழுந்து, அன்றைக்கு மறுபடி மூடப்பட்டது. பின்னர் நிலைமை தலைகீழானது. மத்திய வங்கி தன் வைப்பு வசதி வீதத்தை 4.5 சதவீதத்துக்கு இறக்கியது. வங்கியில் நிலையான வைப்பில் காசு போட்டு வட்டியில் சீவித்த ஓய்வூதியர்களுக்கு மாதம் கிடைத்த தொகை சுருங்கியது. அதே ஆண்டில் பங்கு வாங்கத் தேவையான சீ.டீ.எஸ். கணக்கை வீட்டிலிருந்தபடியே திறக்க வழிசெய்யும் செயலியும் வந்தது. முன்பு யாழ்ப்பாண நகருக்கு பஸ் ஏறிப்போய்ப் படிவம் நிரப்ப வேண்டியிருந்த காரியம் இப்போது படுக்கையில் கிடந்தபடியே முடிந்தது. 2021-இல் மட்டும் சுட்டெண் 80 சதவீதம் ஏறியது. கப்பல் சரக்குக் கட்டணம் உலகெங்கும் எகிறிய அந்த ஆண்டில் எக்ஸ்போலங்கா கம்பனியின் பங்கு பல மடங்கானதைப் பார்த்து, கம்பனி என்ன தொழில் செய்கிறது என்றே கேளாமல் வாங்கியவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். 2022-இன் முற்பகுதியில் அது சடுதியாக விழுந்தபோதும் ஏன் விழுகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

2022 ஏப்ரல் 8-இல் மத்திய வங்கி வட்டிவீதத்தை ஒரே நாளில் 7 புள்ளிகள் ஏற்றி 13.5 ஆக்கியது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 சதவீதத்தையும் தாண்டியது. அரசாங்கமே 30 சதவீதம் தரும்போது பங்கை வைத்திருக்க யாருக்கு மனம் வரும்? அந்த ஆண்டு சுட்டெண் 30 சதவீதம் இழந்தது.

பிறகு நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 2023-இல் 25 சதவீதம், 2024-இல் கிட்டத்தட்ட 50 சதவீதம் என்று ஏறி, 2025-இல் சுட்டெண் 20,000-ஐயும் கடந்தது. உச்சியில் வாங்கியவரும் பொறுத்திருந்தால் எண்ணிக்கையில் மீண்டிருப்பார். டொலரில் கணக்குப் பார்த்தால் கதை வேறு. 200 ரூபாயாக இருந்த டொலர் 300 ஆகிவிட்டது. எல்லாப் பங்குகளும் சுட்டெண்ணோடு சேர்ந்து மீளவும் இல்லை. இருந்தாலும் கேள்வி இதுதான்: ஏன் சிலரால் சந்தை மீளும்வரை பொறுக்க முடிந்தது, வேறு சிலரால் முடியவில்லை?

பெயர் எழுதிய காசு

நம்முடைய வீடுகளில் சும்மா இருக்கும் காசு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு காசிலும் ஒரு பெயர் எழுதியிருக்கும். இது மகளின் சீதனம், இது மகன் வெளிநாடு போக ஏஜென்சிக்குக் கட்ட வேண்டியது, இது அம்மாவின் கண் ஒப்பரேசனுக்கு, இது கோயில் உபயத்துக்கு. பெயரோடு ஒரு தேதியும் இருக்கும். சந்தைக்கு அந்தத் தேதி தெரியாது. ஆவணியில் கலியாணம் என்றால் ஆவணிக்கு முன்னர் விலை ஏறிவிட வேண்டும் என்று எந்தக் கம்பனிக்கும் கட்டாயம் இல்லை. தேதி எழுதிய காசைப் பங்கில் போட்டவர், விலை விழும்போது விலையைப் பார்த்துப் பயப்படுவதில்லை. நாட்காட்டியைப் பார்த்துப் பயப்படுகிறார். அந்தப் பயத்தில் அவர் எடுக்கும் முடிவு கம்பனியின் நிலைமையைப் பற்றியதாகவே இருக்காது.

சாவகச்சேரியை உள்ளடக்கிய தென்மராட்சியின் ஆட்கள் காசை நகையாகவும் காணியாகவும் வைத்திருப்பதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. 2000-ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரமே தரைமட்டமானபோது, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளிக்கிட்டவர்கள் கூடக் கொண்டுபோகக்கூடியதாக இருந்தது நகை மட்டும்தான். திரும்பி வந்தபோது வீடு இல்லாவிட்டாலும் காணி இருந்தது. அந்த அனுபவத்தைச் சுமக்கும் ஒரு தாய் கழுத்தில் கிடப்பதைக் கழற்றி அடைவு வைத்து, அந்தக் காசை மகன் பங்கில் போடுகிறான் என்றால் அங்கே இடர் இரட்டிப்பாகிறது. ஒரு பக்கம் பங்கு விழலாம். மறுபக்கம் அடைவு வட்டி மாதாமாதம் ஏறிக்கொண்டே இருக்கும், தவணை தப்பினால் நகை ஏலத்துக்குப் போகும். பங்கு ஒரு ஆண்டு சும்மா கிடந்தாலே அவன் நட்டத்தில் இருப்பான்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய காசின் கதை இன்னும் கடினமானது. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் அண்ணன் காணி வாங்கச் சொல்லிக் காசு அனுப்புகிறார். காணி அமையும்வரை சும்மா கிடப்பானேன் என்று தம்பி அதைப் பங்கில் போடுகிறார். விலை 15 சதவீதம் விழுகிறது. சொந்தக் காசாக இருந்தால் அந்த இடத்தில் விற்றுவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றியிருப்பார். இங்கே விற்றால் அண்ணனிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருக்க ஒரே வழி விற்காமல் இருப்பது. 15 சதவீதம் 40 ஆகும்வரை காத்திருப்பவர் பேராசைக்காரர் அல்ல. வெட்கப்படுகிறார். நம் சமூகத்தில் பங்கு நட்டங்களைப் பெருக்குவது வெட்கம்தான் என்பது என் உறுதியான எண்ணம். இந்த வெட்கத்தைப் பற்றி எந்தப் பயிற்சி வகுப்பிலும் யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. வீட்டில் மனைவிக்கும் தெரியாமல் வைத்திருக்கும் பங்குக் கணக்கு, இருப்பவற்றில் மிக ஆபத்தான கணக்கு. நட்டம் வந்தால் யாரிடமும் யோசனை கேட்க வழியில்லாமல் அது மனிதரைத் தனியே விட்டுவிடுகிறது.

ஆகவே முதலாவது தடுப்பு கணக்குத் திறப்பதற்கு முன்னரே இருக்கிறது. பெயரும் தேதியும் எழுதிய காசு வெளியே நிற்க வேண்டும். உரிமம் பெற்ற வங்கியில் வைத்திருக்கும் வைப்புக்கு ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை காப்புறுதி இருக்கிறது, பங்கு விலைக்கு அப்படி எந்தக் காப்புறுதியும் இல்லை. ஓய்வு பெறும்போது கையில் வரும் மொத்தத் தொகைக்கும் இதே கணக்குத்தான். 35 வருடம் படிப்பித்து வந்த காசைச் சந்தையில் இழந்தால் மறுபடி சம்பாதிக்க வயது இல்லை.

1,600 பங்கு

கறுத்தக்கொழும்பான் மாமரம் பூக்கும் பருவத்தில் மரத்தோடு விலைபேசும் வியாபாரி ஒரே மரத்தில் கைமுதல் முழுவதையும் போடுவதில்லை. ஒரு மழைக்குப் பூ கொட்டிவிடும் என்று அவருக்குத் தெரியும். எந்த மரம் கொட்டும் என்பதுதான் தெரியாது. ஆகவே பத்து வளவுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிறார். ஒரு மரம் பொய்த்தால் அந்த நட்டம் தாங்கக்கூடியதாக இருக்கும்படி விலை பேசுகிறார். பங்கு வியாபாரம் பற்றிய பல பாகங்கள் கொண்ட புத்தகங்கள் சொல்வதும் இதைத்தான்.

எண்களில் பார்ப்போம். சாவகச்சேரியில் ஒரு ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் கடமைகளுக்கும் ஒதுக்கிய பிறகு ஐந்து இலட்சம் ரூபாய் மிஞ்சுகிறது, ஐந்து ஆண்டுகளுக்குத் தேவைப்படாது. அதைக் கொண்டு பங்கு வாங்கப் போகிறார். ஒரு பங்கில் பிழை விட்டால் மொத்தத்தில் 2 சதவீதத்துக்கு மேல் இழப்பதில்லை என்று முடிவு செய்கிறார். அதாவது 10,000 ரூபாய். பார்த்து வைத்திருக்கும் பங்கின் விலை 50 ரூபாய். 45-க்கு இறங்கினால் தன் கணிப்புப் பிழை என்று ஒப்புக்கொண்டு வெளியே வந்துவிடுவார். ஒரு பங்குக்கு நட்டம் 5 ரூபாய். அப்படியானால் 2,000 பங்கு வாங்கலாம் போலத் தோன்றும்.

இந்த இடத்தில்தான் செலவு மறந்துபோகிறது. கொழும்புச் சந்தையில் சாதாரணமாக வாங்கும்போது தரகும் ஏனைய கட்டணங்களும் அரசாங்க வரியும் சேர்த்து 1.12 சதவீதம், விற்கும்போது மறுபடி 1.12 சதவீதம். 2,000 பங்கை 50-க்கு வாங்கி 45-க்கு விற்றால் உண்மையான நட்டம் 10,000 இல்லை, 12,128 ரூபாய். 1,600 பங்கு என்றால் செலவோடு சேர்த்து 9,702 ரூபாய், அது அவருடைய எல்லைக்குள் நிற்கும். ஆகவே அவர் வாங்க வேண்டியது 1,600 பங்கு, 80,000 ரூபாய்க்கு. விலை 51 ரூபாய் 13 சதத்தைத் தாண்டினால்தான் அவருக்கு முதல் சதம் இலாபம் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

ஐந்து இலட்சம் கையில் இருக்க வெறும் 80,000-க்கா வாங்குவது என்று கேட்கலாம். அந்தக் கேள்வியை எழுப்புவது ஆசை. 45 ரூபாயில் விற்க வேண்டிய நாள் வரும்போது 9,702 ரூபாய் நட்டம் ஒரு மாதச் சம்பளத்தின் சிறு பங்குதான். கை நடுங்காமல் விற்றுவிடலாம். அதே ஆசிரியை ஐந்து இலட்சம் முழுவதையும் அந்த ஒரே பங்கில் போட்டிருந்தால் அதே 45 ரூபாயில் 60,000-க்கு மேல் நட்டம். அந்தப் பொத்தானை அழுத்த விரல் வராது. விலை ஒன்றுதான், நட்ட வீதமும் ஒன்றுதான். மனநிலை மட்டும் வேறு, அதை வேறாக்கியது அளவு.

கடனும் சேர்ந்தால் என்ன ஆகும்? சொந்தக் காசு ஐந்து இலட்சம், பங்குகளை ஈடாக வைத்து எடுக்கும் மார்ஜின் கடன் ஐந்து இலட்சம், மொத்தம் பத்து இலட்சத்துக்குப் பங்கு. சந்தை 30 சதவீதம் விழுந்தால் பங்கின் பெறுமதி ஏழு இலட்சம். கடன் ஐந்து இலட்சமும் வட்டியும் அப்படியே நிற்கும். சொந்தக் காசில் மிச்சம் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. 2022 ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் சுட்டெண் விழுந்தது 45 சதவீதத்துக்கும் மேல். கடனில் வாங்கியவருக்குப் பொறுத்திருக்கும் உரிமையே கிடையாது. பிறகு சந்தை 20,000-ஐக் கடந்தபோது அவருடைய பங்குகள் வேறு யாருடைய கணக்கிலோ இருந்திருக்கும்.

இழப்புக்கு இன்னொரு கொடுமையான கணக்கும் உண்டு. 10 சதவீதம் இழந்தால் மீள 11 சதவீதம் ஏற வேண்டும். 20 இழந்தால் 25. பாதி இழந்தால் இரட்டிப்பாக வேண்டும். ஆகவே நட்டத்தைச் சிறியதாக இருக்கும்போதே வெட்ட வேண்டும் என்பது கோழைத்தனம் ஆகாது, கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

சந்தைக்குத் தெரியாத விலை

பங்கு வைத்திருக்கும் நம் ஆட்களிடம் அடிக்கடி கேட்கும் ஒரு வசனம்: “போட்ட காசு வந்தாக் காணும், வித்துப்போட்டு விலகிடுவன்.” கேட்க நிதானமான பேச்சுப் போல இருக்கும். உண்மையில் இதுதான் மிகப் பெரிய பொறி. நாம் எத்தனை ரூபாய்க்கு வாங்கினோம் என்பது சந்தையில் வேறு எவருக்கும் தெரியாது. அந்த விலைக்கு எந்த விசேசமும் இல்லை. கம்பனியின் வருமானம் கெட்டிருந்தால் அந்த விலை ஒருபோதும் திரும்பாமல் போகலாம்.

டானியல் கானெமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே அளவு இலாபம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு நட்டம் தரும் வலி கனமானது என்று காட்டியது. பின்னர் செய்யப்பட்ட அளவீடுகள் அந்த வலி ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றன. இதன் விளைவை ஹெர்ஷ் ஷெஃப்ரினும் மெயர் ஸ்டாட்மனும் 1985-இல் விளக்கினார்கள்: மனிதர்கள் ஏறிய பங்கை அவசரமாக விற்றுவிடுகிறார்கள், விழுந்த பங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். வளவில் காய்க்கும் மரத்தைத் தறித்து, பட்டுப்போனதற்குத் தண்ணீர் ஊற்றும் காரியம் இது என்று யாரும் சொல்லாமலே விளங்கும்.

இந்தப் பொறியிலிருந்து வெளிவர ஒரு கேள்வி உதவும். இந்தப் பங்கு என்னிடம் இல்லை, அதன் இன்றைய பெறுமதி மட்டும் காசாகக் கையில் இருக்கிறது, இன்று இந்த விலைக்கு இதை வாங்குவேனா? வாங்குவேன் என்றால் வைத்திருக்கலாம். மாட்டேன் என்றால் எதற்காக வைத்திருக்கிறோம்? விழுந்த விலையில் இன்னும் வாங்கிச் சராசரியை இறக்கும் பழக்கத்துக்கும் இந்தக் கேள்வியே மருந்து. கம்பனியைப் படித்து, முதலிலேயே இரண்டு மூன்று தடவையாக வாங்குவதென்று திட்டமிட்டு வாங்குவது ஒரு வழி. விழுந்த கோபத்தில், விட்டதைப் பிடிக்க வாங்குவது முற்றிலும் வேறு.

பயம் இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்யும். 2023 யூன் இறுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு அறிவிக்கப்படவிருந்தபோது வங்கிகளின் கதி என்னவாகுமோ என்று நாடே அஞ்சியது. வங்கிகள் தப்பிவிட்டன என்பது தெளிவானதும் அடுத்த வாரமே வங்கிப் பங்குகள் எகிறின. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதத் தீர்வை அறிவித்ததும் ஏப்ரல் 7-இல் வியாபாரம் அரை மணி நேரம் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில்தான் சுட்டெண் 20,000-ஐத் தாண்டியது. செய்தி வந்த காலையில் விற்றவர்களில் எத்தனை பேர் தங்கள் கம்பனி அமெரிக்காவுக்கு ஏதாவது ஏற்றுமதி செய்கிறதா என்று பார்த்தார்கள்?

அதனால் வாங்கும் நாளிலேயே ஒரு கொப்பியில் நான்கு வரி எழுதி வைப்பதை நான் வற்புறுத்துகிறேன்: ஏன் வாங்குகிறேன், எவ்வளவு, எந்த விலையில் அல்லது எந்தச் செய்தியில் வெளியேறுவேன், இலாபத்தில் எப்போது பாதி எடுப்பேன். சந்தை காலை 9.30-க்குத் திறந்து பிற்பகல் 2.30-க்கு மூடும். இந்த நான்கு வரிகளை எழுதுவதற்கு அதற்கு வெளியே உள்ள நேரமே நல்லது. சந்தை மூடிய பிறகு எழுதியதைச் சந்தை திறந்திருக்கும்போது மாற்றாமல் இருக்கப் பழகினாலே பாதி வெற்றி.

சின்னச் சந்தை

தமிழில் பங்கு வியாபாரம் கற்பிக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வருகின்றன. நன்றாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பேசுவது மும்பைச் சந்தையைப் பற்றி. அங்கே நாள் வியாபாரமும், ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்களும் பெருந்தொழில். அதிலும் என்ன கிடைத்தது என்று இந்தியச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு கணக்கெடுத்தது. 2021–22 முதல் 2023–24 வரையான மூன்று நிதியாண்டுகளில் அந்த ஒப்பந்தங்களில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டப்பட்டார்கள். ஒருவருக்குச் சராசரியாக இரண்டு இலட்சம் இந்திய ரூபாய். சேர்த்துப் பார்த்தால் 1.8 இலட்சம் கோடிக்கும் மேல்.

கொழும்பில் அப்படியான ஒப்பந்தச் சந்தை நடைமுறையில் இல்லை. பட்டியலில் உள்ள கம்பனிகள் 300-க்கும் குறைவு. பலவற்றில் பெரும்பகுதிப் பங்குகள் தாய்க் கம்பனியிடமோ ஒரு குடும்பத்திடமோ இருக்கும், சந்தையில் நாளாந்தம் கைமாறுவது கொஞ்சம்தான். சில பங்குகளில் ஒரு நாள் முழுவதும் சில நூறுதான் விலைப்படும். அப்படியான பங்கில் 45 ரூபாயில் வெளியேறுவேன் என்று கொப்பியில் எழுதியிருந்தாலும், அந்த விலையில் கேட்பவர் இல்லாமல் 41-க்கு இறங்கித்தான் விற்க வேண்டி வரும். வாட்ஸ்அப் குழுக்களில் “நாளைக்கு ஓடும்” என்று வரும் பெயர்கள் பெரும்பாலும் இந்த வகைப் பங்குகளாக இருப்பது தற்செயல் இல்லை. கொஞ்சக் காசால் விலையை ஏற்றக்கூடியது அங்கேதான். ஏற்றியவர் விற்று வெளியேற, வாங்க ஆட்கள் வேண்டும். செய்தி நம்மிடம் வருவது அதற்காகத்தான். நீங்கள் வாங்க நினைக்கும் எண்ணிக்கை, அந்தப் பங்கு சாதாரண நாளில் கைமாறும் எண்ணிக்கையில் ஒரு சிறு துளியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்ளே போவது எளிது, வெளியே வருவது கடினம்.

அடிக்கடி வாங்கி விற்பதும் இங்கே கட்டுப்படியாகாது. ஒரு தடவை வாங்கி விற்க 2.24 சதவீதம் போகிறது. கைமுதல் முழுவதையும் மாதம் ஒரு தடவை புரட்டினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 27 சதவீதம் கட்டணமாகவே கரையும். அமெரிக்காவில் 66,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் 1991 முதல் 1996 வரையான கணக்குகளை பிராட் பார்பரும் டெரன்ஸ் ஓடியனும் ஆராய்ந்தார்கள். அதிகமாக வாங்கி விற்றவர்கள் ஆண்டுக்கு 11.4 சதவீதம் பெற்றார்கள், சந்தை தந்ததோ 17.9 சதவீதம். சுறுசுறுப்பு அவர்களுடைய எதிரியாக இருந்தது.

நாளுக்கு ஒரு சதவீதம் நிச்சயம் என்று சொல்லிக் காசு சேர்க்கும் செயலிகளையும், ஆள் சேர்த்தால் கொமிசன் என்னும் திட்டங்களையும் பங்கு வியாபாரத்தோடு சேர்த்துப் பேசவே கூடாது. வங்கிச் சட்டத்தின் 83சீ பிரிவின் கீழ் பிரமிட் திட்டங்கள் குற்றம். தடைசெய்யப்பட்டவற்றின் பெயர்களை மத்திய வங்கி வெளியிட்டு வருகிறது. விளம்பரம் பார்த்தவுடன் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

பட்டியலில் இடம்பெறாத, முற்றிலும் சட்டபூர்வமான ஆபத்து மார்ஜின் கடன்தான். சந்தை ஏறும் நாட்களில் அதை வாங்கச் சொல்லி அழைப்பு வரும். 2011-இலும் 2022-இலும் சின்ன ஆட்களைச் சாய்த்தது அதுவே. கையெழுத்துப் போடுவதற்கு முன்னர், யாழ்ப்பாணத்துத் தரகு அலுவலகத்தில் எதிரே இருப்பவரிடம் மூன்று விசயங்களைத் தமிழில் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். என் பங்கின் பெறுமதி எவ்வளவுக்கு விழுந்தால் என்னைக் கேளாமலே விற்பீர்கள்? விற்பதற்கு முன்னர் காசு கட்ட எனக்கு எத்தனை நாள் தருவீர்கள்? விற்ற பிறகும் கடன் மிஞ்சினால் அதை யாரிடம், எப்படி அறவிடுவீர்கள்? பதில்களை வீட்டுக்குக் கொண்டுபோய், அந்தக் காசில் பங்குள்ள எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவர்களில் ஒருவராவது வேண்டாம் என்றால் கணக்கைக் கடனில்லாமல் திறவுங்கள்.